பசி இல்லையா, பல் இல்லையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அந்தக் காலத்துப் பாட்டிமார்களிடம் ஒரு சின்ன இரும்பு உரல் இருக்கும். வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சுண்ணாம்பு மூன்றையும் அதில் போட்டு ‘டொக் டொக்’கென்று இடித்து, மசிந்த பிறகு எடுத்து வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். பாட்டிக்குப் பல் இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகள் அந்தப் பொக்கை வாய்ச் சிரிப்பைக் கேலி செய்வார்கள். பாட்டியும் சேர்ந்து சிரிப்பார். அவருக்காகச் சோறு குழைவாக வடிக்கப்படும். கறி கூடுதல் நேரம் வேகும். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது. கண்ணுக்குத் தெரிந்தது, கை தானாகச் செய்தது.

இன்று சிங்கப்பூரில், வீவக அடுக்குமாடி வீட்டில் வாழும் தாத்தா பாட்டிகளிடம் அந்த உரல் இல்லை. வாய் நிறையப் பல் இருக்கிறது, அல்லது இருப்பதுபோல் தெரிகிறது. மேலே ஒரு பல்செட்டு, கீழே நான்கைந்து சொந்தப் பல். குடும்பப் படத்தில் பளிச்சென்று சிரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எந்தச் சந்தேகமும் வருவதில்லை. சிக்கல் தொடங்குவதே அங்கேதான். பல் இல்லாதவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். மெல்ல முடியாதவரைப் பார்த்தால் தெரியாது!

ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு என்று வைத்துக்கொள்வோம். மகள் ஆசையாக ஆட்டுக்கறிப் பிரட்டல் செய்திருக்கிறாள்.

‘அப்பா, கறி எடுத்துக்கலையா?’

‘வேணாம்மா, பசியில்ல.’

‘ரெண்டு துண்டாவது...’

‘காலையில சாப்பிட்டதே இன்னும் செரிக்கல. நீங்க சாப்பிடுங்க.’

கொஞ்சம் சோறு, சாம்பார், பிறகு தயிர் ஊற்றிப் பிசைந்து நாலு வாய். எழுந்துவிடுகிறார். அரை மணி நேரம் கழித்து, மற்றவர்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும்போது, சமையலறையில் தானே காப்பி கலக்கி, இரண்டு துண்டு ரொட்டியை நனைத்துச் சாப்பிடுகிறார். பசி இல்லாதவர் செய்கிற வேலையா அது?

இப்படிப்பட்டவர்கள் மருத்துவமனையிலோ தாதிமை இல்லத்திலோ இல்லை. நம் வீடுகளில், நம்மோடு, தாங்களே நடந்து, தாங்களே கடைக்குப் போய் வருகிறவர்கள். இல்லத்தில் இருப்பவர் எவ்வளவு சாப்பிட்டார், எதை ஒதுக்கினார் என்று கவனிக்கத் தாதியர் உண்டு. வீட்டில் இருப்பவரின் தட்டை யார் பார்க்கிறார்கள்?

ஏன் சொல்வதில்லை?

முதல் காரணம் வெட்கம். வாய் என்பது முகத்தின் நடுவில் இருக்கிறது. முழங்கால் வலியைப் பற்றி நாலு பேர் நடுவே பேசும் பெரியவர்கூடத் தம் பல்செட்டு ஆடுவதைப் பற்றிப் பேசமாட்டார். இரண்டாவது, செலவு. ‘இந்த வயசுல பல்லுக்கு எதுக்கு அவ்வளவு காசு?’ என்ற எண்ணம். மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றையும்விட ஆழமானது. வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று அவர்களே நம்பிவிட்டார்கள்.

அப்படி நம்புவதற்கு அவர்களின் அனுபவமே காரணம். இன்று எண்பதைத் தாண்டியவர்களின் பிள்ளைப்பருவத்தில் பல் வலித்தால் வைத்தியம் ஒன்றுதான்: பிடுங்குவது. சிங்கப்பூரில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் வழக்கம் 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதன் பயனைப் பிறந்தது முதல் பெற்ற தலைமுறை அதற்குப் பின் வந்தது. உலக அளவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினருக்கு ஒரு பல்கூட இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் ஐம்பது வயதில் பல் போனதைப் பார்த்தவர், அதை இயற்கை என்று நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அது இயற்கையல்ல. ஜப்பானைப் பாருங்கள். 1989ல் அங்கே ‘8020’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பதே அதன் பொருள். சுமார் 20 பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவைச் சிரமமின்றி மெல்லலாம் என்பது கணக்கு. தொடங்கிய காலத்தில் அந்த இலக்கை எட்டிய 80 வயதுக்காரர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016ல் எடுத்த கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் எட்டியிருந்தார்கள். ஒரே நாடு, அதே சோறு மீன் சாப்பிடும் மக்கள். சுமார் 27 ஆண்டுகளில் இது நடந்திருக்கிறது.

தட்டில் என்ன குறைகிறது?

மெல்லுவது கடினமானதும் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது இறைச்சி. அடுத்து பச்சைக் காய்கறி, பயற்றங்காய், கொய்யா, ஆப்பிள். மிஞ்சுவது என்ன? வெள்ளை ரொட்டி, பிஸ்கட், கஞ்சி, சீனி போட்ட காப்பி. அதாவது மாவும் சீனியும். 2016ல் சிங்கப்பூர் நீரிழிவின் மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது அனைவருக்கும் தெரிந்த செய்தி. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு தாத்தா கறியையும் கீரையையும் விட்டுவிட்டு ரொட்டியிலேயே காலம் தள்ளுகிறார் என்றால், இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் பல் ஆடும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் சுழல் இது.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. காலையில் நீரிழிவு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, மெல்ல முடியாததால் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறவர்கள். சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் உணவு குறைந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். தலைசுற்றல், வியர்வை, குளியலறையில் விழுதல். பிறகு எல்லாரும் குளியலறைத் தரையை மாற்றுவது பற்றிப் பேசுவார்கள். மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

தசை இளைப்பதும் சத்தமில்லாமல் நடக்கும். மூத்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று அனைத்துலக நிபுணர் குழு 2013ல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். ரொட்டியும் காப்பியும் எந்த மூலைக்கு? (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.)

உடலோடு நிற்பதில்லை. மெதுவாகச் சாப்பிடுகிறவர், தம்மால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமே என்று கூச்சப்படுவார். நண்பர்களோடு உணவங்காடி நிலையத்தில் உட்காருவதை நிறுத்துவார். கல்யாணத்துக்கு மொய் அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பார். ‘அப்பா இப்பல்லாம் எங்கேயும் வர்றதில்ல, வயசாயிடுச்சு’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். வயதா, வாயா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் நல்லது.

பல்செட்டு: கட்டியதோடு வேலை முடியவில்லை

பல்செட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் வீடுகளில் தவறான எண்ணங்கள் அதிகம் இருப்பது இதில்தான்.

முழுப் பல்செட்டு அணிந்தவர் கடிக்கும் விசை, சொந்தப் பல் உள்ளவரின் விசையில் நான்கில் ஒரு பங்குதான், பலருக்கு அதைவிடவும் குறைவு. ஆகவே ‘அதான் பல்லு கட்டியாச்சே, எலும்பைக் கடிக்க வேண்டியதுதானே’ என்று வேடிக்கையாகக்கூடச் சொல்லக்கூடாது. அடுத்து, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போகும். 60 வயதில் அளவெடுத்துச் செய்தது 70 வயதில் பொருந்தாது. சட்டை தளர்ந்தால் தைக்கிறோம், பல்செட்டு தளர்ந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? பேசும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் வருகிறது, கத்தரிக்காய் விதையும் எள்ளும் அடியில் புகுந்து குத்துகிறது, ஈற்றில் புண் ஆறாமல் இருக்கிறது என்றால் அது பொருந்தவில்லை. உள்பக்கம் புதிதாக ஓர் அடுக்கு வைத்துப் பல் மருத்துவர் சரிசெய்வார். பல நேரங்களில் புதிதாகச் செய்யத் தேவையே இருக்காது.

இவ்வளவும் தெரியாததால் பலர் என்ன செய்கிறார்கள்? சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு, வெளியே போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பல்செட்டு நகைபோல ஆகிவிட்டது, விசேஷத்துக்கு மட்டும்! தாத்தா சாப்பிட உட்காரும் முன் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோகிறாரா என்று பாருங்கள். புரிந்துவிடும்.

இன்னும் சிலர் நேர்மாறு. இரவிலும் கழற்றுவதில்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை, அவரவர் வீட்டில் வாழ்ந்தவர்களை, கவனித்த ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. பல்செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இரவில் கழற்றி, சாதாரணச் சவர்க்காரத்தால் மென்மையான தூரிகை கொண்டு தேய்த்து, குளிர்ந்த நீரில் போட்டு வைக்க வேண்டும். பற்பசை கீறிவிடும், சுடுநீர் வடிவத்தையே கெடுத்துவிடும்.

கீழ்த்தாடைப் பல்செட்டுதான் அதிகம் தொல்லை தருவது. நாக்கு அசைய அசைய அது மிதக்கும். கீழே இரண்டு செயற்கைப் பல்வேர்களைப் பதித்து அவற்றின்மேல் பல்செட்டை மாட்டும் முறை இருக்கிறது. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவாக இதையே கருத வேண்டும் என்று கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002ல் சொன்னார்கள். செலவு அதிகம்தான். பதிக்கும் அறுவைச் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பல் மட்டுமா?

பல் நன்றாக இருந்தும் மெல்லச் சிரமப்படுகிறவர்கள் உண்டு. உமிழ்நீர் வற்றிப்போனால் ரொட்டி வாயில் பஞ்சுபோல ஒட்டிக்கொள்ளும். இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு, சிறுநீர்ப்பைக் கோளாறு ஆகியவற்றுக்கான மருந்துகள் பலவற்றுக்கு இந்தப் பக்கவிளைவு இருக்கிறது. மருந்தைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தர வழி இருக்கலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் உமிழ்நீரைச் சுரக்க வைக்கும். சிங்கப்பூரில் சூயிங்கம்மா என்று சிரிக்க வேண்டாம். 1992ல் விற்பனை தடை செய்யப்பட்டாலும், பல்நலத்துக்கான சூயிங்கம் 2004 முதல் மருந்தாளர், பல் மருத்துவர் வழியாகக் கிடைக்கிறது. நன்றாக மென்றால் நிறம் மாறும் சூயிங்கம் ஒன்றைக் கொடுத்து, ஒருவரின் மெல்லும் திறனை அளந்து பார்க்கிறார்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள்.

வெற்றிலை பாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாட்டியின் உரலைப் பற்றி இனிமையாகப் பேசிவிட்டு இதை மறைப்பது நியாயமல்ல. பாக்கு பல்லைத் தேய்க்கும். நாள்பட்டால் கன்னத்தின் உள்சதையை இறுக்கி, வாயைத் திறக்க முடியாமல் செய்துவிடும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 2004ஆம் ஆண்டு வெளியீடு கூறுகிறது. மூன்று விரல்களை அடுக்கி வைத்தால் வாய்க்குள் நுழைகிறதா? நுழையாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாக்கும் உதடும் கன்னத் தசையும் சேர்ந்துதான் உணவைப் பல்லுக்கு நடுவே தள்ளுகின்றன. அவை தளர்ந்தால் பல் இருந்தும் பயனில்லை. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். ‘பா, தா, கா, ரா’ என்று வேகமாக, தெளிவாகத் திரும்பத் திரும்பச் சொல்வது. ‘பா’வுக்கு உதடு, ‘தா’வுக்கு நாக்கின் நுனி, ‘கா’வுக்கு அடிநாக்கு வேலை செய்யும். எந்த எழுத்து வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் அன்றே விளக்கியிருக்கிறது. தமிழ்ப் பாட்டிகளுக்கு இது ஒன்றும் புதிய பாடம் அல்ல! பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து போட்டி போட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

அதே ஜப்பானில் அண்மையில் ஐந்து கேள்விகள் கொண்ட எளிய சோதனையையும் உருவாக்கியிருக்கிறார்கள். இருபதுக்கும் குறைவான பற்களா, மெல்லச் சிரமமா, விழுங்கச் சிரமமா, வாய் உலர்கிறதா, பேச்சுத் தெளிவு குறைந்திருக்கிறதா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே வாய் நலிவடையத் தொடங்கிவிட்டது என்று கொள்கிறார்கள். தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வருகிறது, சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கரகரப்பாக மாறுகிறது என்றால் அது மெல்லும் சிக்கலைத் தாண்டி விழுங்கும் சிக்கல். அதற்குப் பேச்சு சிகிச்சையாளர் இருக்கிறார். முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாவற்றையும் அரைத்துக் கொடுக்காதீர்கள்

விஷயம் தெரிந்ததும் நல்ல மனம் படைத்த மருமகள் என்ன செய்கிறாள்? சோறு, பருப்பு, கேரட் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று. வருவது ஒரு நிறமும் இல்லாத கூழ். அதைப் பார்த்தால் யாருக்குத்தான் பசிக்கும்? விழுங்கவே சிரமப்படுகிறவருக்கு மருத்துவர் சொன்னால் அது சரி. மற்றவர்களுக்கு அது தேவையற்ற தண்டனை. மெல்லும் வேலையே இல்லாவிட்டால் தாடைத் தசை இன்னும் தளரும். கடினத்தைக் குறைத்தால் போதும், மெல்லுவதை நிறுத்த வேண்டியதில்லை.

நம் சமையலில் இதற்கு வழி ஏராளம். ஆட்டுக்கறித் துண்டுக்குப் பதில் கொத்துக்கறி. கோழியை நெஞ்சுப்பகுதியில் எடுக்காமல் தொடைப்பகுதியில் எடுத்துக் குழம்பில் ஊறவிடலாம். குராவ் மீன், முட்டை, தோஃபு எல்லாம் மெத்தென்று இருப்பவை. கீரையைத் தண்டு நீக்கிப் பொடியாக நறுக்கிப் பருப்போடு கடையலாம். முருங்கைக்காயை வழித்துப் போடலாம். பயற்றங்காயைக் குறுக்கே மிகச் சிறியதாக நறுக்கினால் நார் தொல்லை தராது. கொய்யாவுக்குப் பதில் பழுத்த பப்பாளி. சப்பாத்தி சுட்டதும் பருப்பில் பத்து நிமிடம் ஊறட்டும். உணவு போதுமான அளவு மென்மையா என்று பார்க்க அனைத்துலக அளவில் ஒரு முறை இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாத துண்டை முள்கரண்டியால், கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். நசுங்கி, மீண்டும் பழைய வடிவத்துக்கு வராவிட்டால் அது மென்மையான உணவு. வீட்டுப் பணிப்பெண்ணுக்குக்கூட ஒரே நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

முக்கியமாக, அதே குழம்பு, அதே மேசை, அதே நேரம். தாத்தாவுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வேறு உணவு வைக்கும்போது அவர் நோயாளி ஆகிவிடுகிறார். தீபாவளி முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாரா? சாப்பிடட்டும், சிரிக்காதீர்கள். ஆனால் அடுத்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

போவதற்கு வழியும் உண்டு. முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பவர்களுக்கும், நீலம், ஆரஞ்சு நிற சாஸ் அட்டை உள்ளவர்களுக்கும் சாஸ் திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களில் பல்செட்டுக்கும் உதவித்தொகை இருக்கிறது. 2018ல் நாடு முழுவதும் தொடங்கிய, 60 வயதைத் தாண்டியோருக்கான பரிசோதனைத் திட்டத்தில் கண், காதோடு வாயையும் சேர்த்தார்கள். கண்ணையும் காதையும் மட்டும் பார்த்துக்கொண்டு ‘பல்லு நல்லாத்தான் இருக்கு’ என்று வந்துவிடும் பெரியவர்கள் உண்டு. அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் விசாரித்து, வாயையும் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு பல்கூட இல்லாதவரும் ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பார்ப்பது பல்லை மட்டுமல்ல, ஈறு, நாக்கு, கன்னம் எல்லாவற்றையும்தான்.

போகும்போது சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர் என்றால், பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அலமாரியில் தூங்கும் பழைய பல்செட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அது உடைந்திருந்தால் வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள். உடைந்த துண்டுகளை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள்.